துண்டுக்குள் ஒரு கணக்கு

போன தை மாதம் எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு கல்யாண ஊர்வலம் அரைமணி நேரம் நின்றுவிட்டது. கத்ரக் ரோட்டில் முன்னால் ஏதோ தண்ணி லாரி குறுக்கே மாட்டிக்கொண்டதாம். பேண்டுக்காரர்கள் வாசித்ததையே வாசித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆடியதையே ஆடினார்கள். மாப்பிள்ளை குதிரைமேல் உட்கார்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் மாடி பால்கனியில் ஈரத் துண்டைக் காயப்போட வந்தவன். கீழேயிருந்து அந்த வாசனை ஏறி வந்தது. குதிரை வேர்வையும் ஊறின கொள்ளும் பழைய தோல்வாரும் கலந்த வாசனை.

பம்பாயில் இந்த வடாலாவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. உப்பளக் காற்று, லாரி டெர்மினல் டீசல், மழைக்காலத்துச் சாக்கடை என்று இந்த ஊரின் வாசனை எல்லாம் மூக்குக்குப் பழகிப்போனவை. இது அந்தக் கணக்கில் வராது. இது அந்தியூரில், ஆடி மாதம், பொழுது சாய்ந்தபிறகு வர வேண்டிய வாசனை.

கையிலிருந்த துண்டோடு அப்படியே கீழே இறங்கிப் போனேன். அங்கே நடந்ததை அப்புறம் சொல்கிறேன்.

அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம், அம்மாவின் அம்மாவை அம்மிச்சி என்போம். என் அப்புச்சி பவானியில் குதிரை வண்டி ஓட்டியவர். கூடுதுறைக்குத் திதி கொடுக்க வருகிறவர்களும், ஜமக்காளக் கட்டு ஏற்றுகிறவர்களும் அவருக்குப் படியளந்தார்கள். டவுன் பஸ் வந்து அந்தப் படியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் குதிரையை விற்றுவிட்டார். எனக்கு மிஞ்சியது ஒரு மரச்சக்கரம். எருமைக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடக்கும், ஆரங்களுக்கு நடுவே கோழி அடையும்.

குதிரை போனாலும் குதிரைக்காரன் போகவில்லை. ஆடி பிறந்தால் அப்புச்சி நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார். அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில். ஆடியின் பிற்பாதியில் ஒரு புதன்கிழமை தொடங்கி நாலு நாள் தேர்த் திருவிழா. குருநாதசாமியும் பெருமாள்சாமியும் காமாட்சியம்மனும் மடப்பள்ளியிலிருந்து வனக் கோயிலுக்குப் போய்வருவார்கள். மகமேரு தேரை ஆட்கள் தோளில் சுமந்து வருவார்கள். சாமி ஒருபக்கம், சந்தை ஒருபக்கம். பர்கூர் மலையிலிருந்து இறங்கிய செவலை மாடுகள், உடம்பெல்லாம் வெள்ளை தெறித்திருக்கும். காங்கேயம் காளைகள் கொம்பில் எண்ணெய் மினுங்க நிற்கும். அவற்றைத் தாண்டிப் போனால் குதிரைகள். திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை பிடித்த சந்தை இது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அப்புச்சி இன்னும் ஒருபடி மேலே போய், திப்பு எந்த வேப்பமரத்தடியில் நின்று பல் பார்த்தான் என்று காட்டுவார். அந்த மரத்துக்கு வயது நாற்பதுகூட இருக்காது.

அவர் கூட்டிப்போவது சாயங்காலத்தில்தான். "வெய்யில்ல குதிரை தூங்கும் கண்ணு, ஏவாரி பொய் பேசுவான். பொழுது எறங்குனாத்தான் ரெண்டு பேரும் முழிச்சுக்குவாங்க" என்பார். நாலு மணி பஸ்ஸில் பவானியில் ஏறினால் நின்றுகொண்டேதான் போக வேண்டும். அந்தியூரில் இறங்கும்போதே புழுதி கண்ணை மறைக்கும். பொரி, கடலை, கரும்புச்சாறு, சாட்டைக் கடை, சலங்கைக் கடை, கயிற்றுக் கடை. லாடம் அடிக்கிறவர் ஒரு குதிரையின் பின்னங்காலைத் தன் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குளம்பைச் செதுக்குவார். செதுக்கிய துண்டுகளை நாய்கள் எடுத்துக்கொண்டு ஓடும். அதை நின்று பார்ப்பதற்கே எனக்கு ஒரு மணி நேரம் போதாது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளைப் பம்பு அடித்து ஏற்றும் சத்தமும், எங்கோ ஒரு குதிரை கனைக்க, மைதானம் முழுக்க ஒன்றுக்கொன்று பதில் கொடுப்பதும் ஒரே சமயத்தில் கேட்கும்.

கத்தியவார் குதிரையை அப்புச்சிதான் எனக்கு அடையாளம் காட்டினார். காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி நுனியைத் தொடுவதுபோல நிற்கும். நொக்ரா என்றால் வெள்ளை. முடி மட்டுமில்லை, மூக்கைச் சுற்றித் தோலும் வெளுத்துச் சிவந்திருக்கும். மட்டக் குதிரைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "அதெல்லாம் கழுதைக்குச் சித்தப்பன்."

வாங்கப் போகிறவர்போலத்தான் பார்ப்பார். முதலில் தூரத்தில் நின்று வெற்றிலை போட்டபடி நடையைப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் போய்க் கண்ணுக்கு முன்னால் துண்டை உதறுவார், இமைக்கிறதா என்று. கீழுதட்டை விலக்கிப் பல் பார்ப்பார். குதிரைக்கு ரெண்டரை வயதில் நடுப்பல் இரண்டு விழுந்து முளைக்கும், மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் ஓரத்து ஜோடி. ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பல்லின் மேலிருக்கும் கறுப்புக் குழி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து வயது சொல்ல வேண்டும். அந்தக் குழியைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் புதிதாக உண்டாக்குகிற ஏவாரிகளும் உண்டு என்று சொல்லியிருக்கிறார். கடைசியாகச் சுழி. நெற்றியில், கழுத்தில், விலாவில் முடி சுழிந்திருக்கும் இடங்களை விரலால் தடவிக்கொண்டே போவார். எந்தச் சுழி குடும்பத்தைத் தூக்கும், எது கவிழ்க்கும் என்று அவருக்கு ஒரு பட்டியல் இருந்தது. அவர் விற்ற குதிரையின் சுழி எப்படி என்று கேட்டேன். "நல்ல சுழிதான். பஸ்ஸுக்குச் சுழி அதைவிட நல்லாருந்துச்சு."

இவ்வளவுக்கும் பிறகுதான் துண்டு வரும்.

சந்தைக்குப் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். விற்கிறவனும் வாங்குகிறவனும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் நடுவில் வருவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, அவர் கைமேலும் எதிராளி கைமேலும் படுகிறமாதிரிப் போட்டுக்கொள்வார். உள்ளே விரல்கள் பேசும். நூற்றுக் கணக்கா, ஆயிரக் கணக்கா என்பதை முதலில் முனகிக்கொள்வார்கள். பிறகு பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் விலை. பாதி விரலை மடக்கினால் அரை. ஒரு சந்தையில் கற்ற கணக்கு இன்னொரு சந்தையில் செல்லும் என்று நம்பக் கூடாது. வெளியே வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். மழை உண்டா, மகளுக்கு எப்போது கல்யாணம், கொள்ளு என்ன விலை. சுற்றிலும் இருபது பேர் நிற்பார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம் என்றால், அதற்குத் தகுந்த முகம் வைத்திருப்பவர்கள்தான் தரகுக்கே வருவார்கள்.

இந்த வழக்கத்தில் மோசடி இல்லையா என்றால், தாராளமாக உண்டு. விற்கிறவனிடம் ஒரு விரல், வாங்குகிறவனிடம் ஒரு விரல், நடுவில் ஒரு விரலைத் தரகர் தன் மடியில் முடிந்துகொள்ளலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்று அரசாங்கம் வைத்தபோது வெளிப்படையான ஏலம் என்றதெல்லாம் இதனால்தான். நியாயம்தான். எனக்கு அதில் மறுபேச்சு இல்லை. நான் ஏங்குவது விலையின் நியாயத்துக்கு அல்ல, அந்தத் துண்டுக்குள் இருந்த கைக்கு.

திரும்பி வரும் ராத்திரி பஸ்ஸில் அப்புச்சி எனக்குப் பாடம் நடத்துவார். ஜன்னலோரம் நான். அவர் துண்டை எங்கள் இரண்டு கைமேலும் போட்டுக்கொண்டு, "சொல்லு, எவ்வளவு?" என்பார். மூன்று விரலைப் பிடித்து, நாலாவதைப் பாதி மடக்குவார். மூன்றரை என்பேன். "நூறா, ஆயிரமா?" கேட்கவில்லையே என்பேன். "கேக்காமப் புடிச்சா நட்டம்." வெற்றிலைச் சுண்ணாம்பு ஏறிக் காய்ந்த விரல்கள். கடிவாளம் பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரலின் உள்பக்கம் காய்த்துப்போயிருக்கும். வண்டியை விட்டுப் பத்து வருஷமாகியும் அந்தக் காய்ப்பு இளகவில்லை. பேருந்தின் விளக்கு மங்கலாக எரியும், பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். துண்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் இல்லாத குதிரைகளை வாங்கி விற்போம். அத்தாணி ரோட்டுப் பிரிவு வருவதற்குள் ஒரு லாயமே கைமாறியிருக்கும்.

1982. நான் ஐந்தாம் வகுப்பு. அந்த ஆடியில் அப்புச்சி நிஜமாகவே பணத்தோடு வந்தார். இரண்டு எருமைகளை விற்ற பணம், இடுப்பில் பச்சை பெல்ட்டின் ஜிப்புப் பைக்குள். அம்மிச்சிக்கு அது ஆழ்துளைக் கிணற்றுக்கு வைத்த பணம் என்று ஞாபகம். அப்புச்சிக்கு வேறு ஞாபகம். செவலைப் பெட்டை ஒன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நாலு பல் போட்டிருந்தது. மூன்று தடவை சுற்றி வந்தார். நாலாவது தடவை குதிரையே அவரைத் திரும்பிப் பார்த்து மூக்கால் தோளை இடித்தது. தரகர் துண்டைப் போட்டார்.

அன்றைக்கு மழையைப் பற்றிப் பேசினார்கள். மேட்டூர் அணை திறந்த தேதியைப் பற்றிப் பேசினார்கள். என்னைக் காட்டி, "பேரனுங்களா?" என்று கேட்டார் தரகர். "ஆமாங்க, படிக்கறான்" என்றார் அப்புச்சி. துண்டு அசைந்துகொண்டே இருந்தது. விற்கிற பாய் பக்கம் தரகர் போவார், வருவார், மறுபடி துண்டு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அப்புச்சியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் கையை வெளியே எடுத்துவிட்டார். குதிரையின் நெற்றிப் பொட்டை ஒருமுறை தடவினார். "போலாம் வா கண்ணு."

பஸ்ஸில் அரை வழிவரை பேசவில்லை. நானே துண்டை இழுத்து எங்கள் கைமேல் போட்டுக்கொண்டு, "கடைசி வெலை என்னுங்க அப்புச்சி?" என்றேன். என் ஐந்து விரல்களையும் சேர்த்துத் தன் கைக்குள் மூடினார். ஒருதரம் அழுத்தினார். விட்டுவிட்டார். அது ஐந்தா, ஐம்பதா, வேண்டாம் என்பதா, பேச்சு முடிந்தது என்பதா, எனக்குச் சொல்லித்தந்த கணக்கில் அது இல்லை. நூறா ஆயிரமா என்று நானும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மிச்சி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். பணம் அப்படியே இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகரு திரும்பி வந்துட்டாருங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னாள். பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் போனவர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிட்ட கதை, நரிகளைக் குதிரையாக்கி சிவன் ஓட்டிவந்த கதை, ராத்திரி அவை மறுபடி நரியாகி லாயத்தைக் கலைத்த கதை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "அங்க நரியாச்சும் வந்துச்சு. எங்கூட்டுக்கு அதுகூட வரலே." அடுத்த மாசமே ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். தண்ணீர் நன்றாக வந்தது. அப்புச்சி 1989இல் போனார். அந்த அழுத்தத்துக்கு என்ன கணக்கு என்று அந்த ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மாணிக்கவாசகர் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் அதில் இருக்கும் சந்தைச் செய்தி. குதிரை நம் மண்ணில் எளிதாக விளைகிற சரக்கு இல்லை, கடல்வழியாக வர வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வளைகுடாவிலிருந்து வந்த குதிரைகளைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். ஒரு வணிகரின் லாயத்திலிருந்து மட்டும் வருஷத்துக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார். இங்கே வந்த குதிரைகள் சரியான பராமரிப்பில்லாமல் செத்துப்போகின்றன, அதனால் வருஷாவருஷம் புதிதாக வாங்குகிறார்கள் என்று மார்க்கோ போலோ குறைப்பட்டிருக்கிறார். அப்புச்சியின் பச்சை பெல்ட்டுக்கு அப்படி ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. பம்பாயும் அந்தக் கதையில் பிற்பாடு வந்து சேர்ந்த ஊர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் அரபிக் குதிரைகள் இங்கேதான் இறங்கின. பைகுல்லா, பேண்டி பஜார் லாயங்களில் அவை விலைபோயின.

நான் வந்த பம்பாயில் குதிரைக்கான இடம் சுருங்கியிருந்தது. வடாலாவுக்குப் பக்கத்தில், ஆணிக் டெப்போவில், நகர பஸ்களை ஓட்டும் பெஸ்ட் நிறுவனத்தின் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. மகளைக் கூட்டிப்போனேன். 1874 மே 9ஆம் தேதி இந்த ஊரில் முதல் டிராம் ஓடியபோது அதை இழுத்தவை குதிரைகள். ஸ்டெர்ன்ஸ் அண்ட் கிட்ரிட்ஜ் கம்பெனியின் லாயத்தில் 900 குதிரைகள் இருந்தன. 1907இல் மின்சார டிராம் வந்தது. மகள் மாதிரி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 900 குதிரைக்கு ஒருநாளைக்கு எவ்வளவு கொள்ளு என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். மரைன் டிரைவிலும் கேட்வே பக்கமும் வெள்ளித் தகடு மின்ன ஓடிக்கொண்டிருந்த விக்டோரியா வண்டிகளை 2015இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. எலும்பு தெரிகிற குதிரைகளை அந்தத் தார் ரோட்டில் பார்த்தவன் என்பதால் எனக்குத் தீர்ப்பில் வருத்தமில்லை. காலா கோடாவில் 2017இல் ஒரு கறுப்புக் குதிரைச் சிலை வைத்தார்கள். 1965இல் அங்கிருந்து எடுத்துப்போன பழைய சிலையின் மேல் ராஜா உட்கார்ந்திருந்தார். புதியதன் மேல் ஆளே இல்லை. அப்புச்சி பார்த்தால், "யாரோ கட்டுத்தறிலிருந்து அவுத்து உட்டுட்டாங்க, புடிங்கடா" என்றிருப்பார்.

பிறகு மகாலட்சுமி பந்தயத் திடல். என்னோடு ஆபீசில் இருந்தவரின் தம்பி ஒரு குதிரை முதலாளியிடம் கணக்கு எழுதுகிறவர். ஒரு பிப்ரவரி மாதம், "குதிரை ஏலம் இருக்கு, வர்றீங்களா?" என்று கேட்டார். மோனோ ரயில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. வடாலா பிரிட்ஜில் ஏறி ஜேக்கப் சர்க்கிளில் இறங்கினோம். பத்துப் பேர் இருக்கிற பெட்டியில் ஆகாயத்தில் மிதந்துகொண்டு, சால்களின் மொட்டை மாடிகளையும் மில் புகைபோக்கிகளையும் பார்த்தபடி ஒருவன் குதிரைச் சந்தைக்குப் போவான் என்று அப்புச்சியிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டார். தோபி காட்டைத் தாண்டிப் பாலம் ஏறி நடந்தோம்.

1883இல் தொடங்கிய பந்தயத் திடல். இப்போது அதில் 120 ஏக்கரைப் பூங்காவுக்காக மாநகராட்சி எடுத்துக்கொண்டுவிட்டது. கடலோரத்தில், இந்த நெரிசல் ஊரின் நடுவே, இவ்வளவு பெரிய வெறும் புல்வெளி எப்படி நூற்றுச் சொச்ச வருஷம் தப்பித்தது என்பதே ஆச்சரியம். அன்றைக்கு விற்பனைக்கு வந்தவை எல்லாம் பந்தயக் குட்டிகள், இரண்டு வயது. எந்த மாதத்தில் பிறந்தாலும் இந்தச் சாதிக் குதிரைக்கு ஜனவரி முதல் தேதிதான் பிறந்தநாள் என்று கணக்கு எழுதுகிறவர் சொன்னார். பல்லைப் பார்க்கிற வேலையே இல்லை. தாய், தகப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லாம் அச்சடித்த புத்தகத்தில் இருந்தது. இடுப்பில் எண் ஒட்டிய குட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வட்டமாக நடத்தி வருவார். மேடையில் இருப்பவர் மைக்கில் விலையை ஏற்றிக்கொண்டே போவார். லட்சம், இன்னொரு லட்சம், அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். கூட்டத்தில் யாரோ புத்தகத்தை லேசாகத் தூக்குவார். சுத்தியல் விழும். அடுத்த எண்.

சுத்தமாக, ஒழுங்காக, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. டீயும் நன்றாக இருந்தது.

ஒரு செவலைப் பெட்டைக்குட்டி வந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. எனக்கு உட்கார முடியவில்லை. அது ஒரு சுற்று முடிப்பதற்குள் விலை ஏறி நின்று சுத்தியலும் விழுந்துவிட்டது. இரண்டு நிமிஷம் இருக்கும். அப்புச்சி இன்னும் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளி முடித்திருக்க மாட்டார். வாங்கியவர் யாரென்று திரும்பிப் பார்த்தேன். ஒற்றை விரலைத் தூக்கியவர் அதைக் கீழே இறக்கிவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். குதிரையின் பக்கம் போகவே இல்லை. ஏலத்துக்கு முன்பே லாயத்தில் பார்த்து, மருத்துவரை வைத்துச் சோதித்து முடித்திருப்பார் என்று கணக்கு எழுதுகிறவர் விளக்கினார். சரிதான்.

அவரே இன்னொன்றும் சொன்னார். இந்தக் குதிரைகளுக்கு பாஸ்போர்ட் உண்டாம். அதில் படம் வரைந்து, உடம்பில் எங்கெங்கே முடி சுழிந்திருக்கிறது என்று குறிப்பார்களாம். ஒரு குதிரையின் சுழி இன்னொன்றுக்கு அப்படியே அமையாது, ஆள்மாறாட்டம் செய்ய முடியாது என்பதற்காக. அன்றைக்குச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு செய்திக்குத்தான். அப்புச்சி குடும்பத்தின் தலையெழுத்தைப் படித்த அதே இடத்தில் இவர்கள் குதிரையின் முகவரியைப் படிக்கிறார்கள்.

ஏலம் முடிந்து மோனோவில் திரும்பும்போது என் வலது கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது. தோளில் துண்டு இல்லை. மும்பையில் ஆபீஸ் போகிற ஆள் தோளில் துண்டு போட முடியுமா?

கொரோனாவால் 2020இலும் 2021இலும் அந்தியூர் குதிரைச் சந்தை கூடவில்லை. 2022இல் கூடுகிறது என்று கேள்விப்பட்டு லீவு போட்டேன். குர்லா டெர்மினஸில் கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸ் ஏறி ஈரோட்டில் இறங்கி, பஸ் பிடித்துப் போனேன். மூக்குக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது. பெட்ரோமாக்ஸ் இருந்த இடத்தில் வெள்ளை எல்இடி விளக்கு. மேளத்துக்கு ஆடும் குதிரைகளைச் சுற்றிக் கூட்டம், நூறு போன்கள் உயர்ந்திருந்தன. குதிரையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். மாட்டுச் சந்தைப் பக்கம் போனபோது இரண்டு பேர் துண்டு போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய் நின்றேன். ஒருவர் திரும்பி, "வாங்கறீங்களாங்க?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். "அப்பறம் என்னுங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்குவதுபோல நிற்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அப்புச்சிக்கு அது இருந்தது. அவர் ஒருநாளும் வேடிக்கை பார்க்கிறவராக அங்கே நின்றதில்லை. பையில் காசில்லாத வருஷங்களிலும் வாங்குகிறவராகவே நின்றார். நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

அந்தத் துண்டைத்தான் தை மாத ராத்திரி பால்கனியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே போனபோதும் ஊர்வலம் நகரவில்லை. குதிரை நொக்ரா. மூக்கைச் சுற்றி அதே வெளுத்த சிவப்பு. தலையில் ஜரிகைக் குஞ்சம், கழுத்தில் பிளாஸ்டிக் முத்து. பிடித்துக்கொண்டிருந்தவர் ஐம்பது வயதுக்காரர். பேண்டுச் சத்தத்தில் குதிரை காதை மடக்கும்போதெல்லாம் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர்க் குதிரை என்று இந்தியில் கேட்டேன். சாரங்கேடா என்றார். நந்துர்பார் மாவட்டத்தில், தாபி ஆற்றங்கரையில், தத்த ஜெயந்தி சமயத்தில் கூடும் குதிரைச் சந்தை. பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் பக்கமும் ஒரு சந்தை உண்டு, ஆடி மாதம் என்றேன். ஆடி என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. "அங்கே எப்படி, ஏலமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, கையிலிருந்த ஈரத் துண்டை விரித்துக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. "ஹத்தா!" என்றார். மராட்டியில் அதற்கு அதுதான் பெயராம்.

இந்தக் குதிரை என்ன விலை என்று கேட்டேன். முதலாளி நாலடி தள்ளி நின்று யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். இவர் ஒருமுறை அவரைப் பார்த்தார். பிறகு கடிவாளத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைத் துண்டுக்குள் நீட்டினார். பெரிய கை. ஆள்காட்டி விரலின் உள்பக்கம் காய்த்திருந்தது. என் விரல்களில் இரண்டைப் பிடித்தார். கொஞ்சம் யோசித்து மூன்றாவதைப் பாதி மடக்கினார்.

இரண்டரை. நூறா, ஆயிரமா, லட்சமா என்று கேட்பதற்குள் லாரி நகர்ந்து பேண்டு மறுபடி பிடித்துக்கொண்டது. குதிரை தலையை ஆட்டிக்கொண்டு நடந்தது. கேட்காமல் பிடித்தால் நட்டம்.

அந்தியூர், புதுப்பாளையம் பக்கம் தரகு பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். எழுபது, எண்பதுகளில் அந்தச் சந்தையில் நின்ற பெரியவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. துண்டுக்குள் ஐந்து விரலையும் சேர்த்து மூடி, ஒருதரம் அழுத்திவிட்டு விட்டால் உங்கள் கணக்கில் அது என்ன? எழுதுங்கள்.